குட்டி ஜெட்: விலை கிடக்கட்டும், காலையில் எத்தனை கிளம்பும்?

கெடிலக்கரை | 27 செப்டம்பர் 2025, காலை 9.10

நேற்று சண்டிகரில் மிக்-21க்கு வழியனுப்பு விழா. டிவியில் பார்த்தேன். அதற்கு முதல் நாள்தான் 97 தேஜஸுக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம். நம் நாட்டை விடுங்கள், என் கேள்வி சின்ன நாடுகளைப் பற்றி. பிலிப்பைன்ஸ், மலேசியா எல்லாம் பெரிய விமானம் வாங்க வழியில்லாமல் கொரியாவின் எஃப்ஏ-50 என்ற குட்டி ஜெட்டை வாங்குகின்றன. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. பெரிய எதிரி வந்தால் அரை நாள் தாங்காது. எதிரியே வராவிட்டால் சுதந்திர தினத்துக்குப் புகை விட்டுக் காட்டத்தான் ஆகும். அந்தக் காசுக்கு ஏவுகணையும் டிரோனும் வாங்கிப் போட்டால் போதாதா? ஃபிட்டர் அண்ணன் பதில் சொல்லணும். மாமாவோட படகு மோட்டார் என்னாச்சு என்பதையும் சேர்த்து.

பழைய ஃபிட்டர் | 27 செப்டம்பர், இரவு 10.40

மோட்டார் கடையில்தான் கிடக்கிறது. தண்ணீர் பம்பின் இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம், தேய்ந்து போச்சு. சென்னைக்குச் சொல்லியிருக்கிறேன், வரும்.

நான் விமானப்படையில் இருபது வருஷம் இன்ஜின் ஃபிட்டர். கை வைத்ததெல்லாம் ஆர்ஃபியஸ் இன்ஜின். முதலில் அஜீத்தில், மீதி வருஷமெல்லாம் கிரண் மார்க் 2இல். அஜீத் என்றால் நேட் விமானத்தின் தம்பி. நேட் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு ஏழு மீட்டர்கூட வராது. முதுநகர் துறைமுகத்தில் கட்டியிருக்கும் விசைப்படகு அதைவிட நீளம். ஏணி போடாமல் தரையில் நின்றபடியே பாதி வேலையை முடித்துவிடலாம்.

அதை வடிவமைத்தவர் பெட்டர் என்ற ஆங்கிலேயர். கான்பெர்ரா குண்டுவீச்சு விமானமும் அவர் போட்ட கோடுதான். சண்டை விமானம் வருஷத்துக்கு வருஷம் கொழுத்துக்கொண்டே போகிறது, விலையும் கூடவே ஏறுகிறது என்று எரிச்சல்பட்டு, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைச் செய்து காட்டினார். 1955இல் பறந்தது. அவருடைய சொந்த நாட்டு விமானப்படை, ஒற்றை இருக்கைச் சண்டை விமானமாக அதை வாங்கவே இல்லை, பயிற்சி விமானமாக மட்டும் எடுத்துக்கொண்டது. பின்லாந்து கொஞ்சம் வாங்கியது, யூகோஸ்லாவியா இரண்டே இரண்டு. நாம்தான் பெங்களூரில் வைத்து நூற்றுக்கணக்கில் செய்தோம். 1965 செப்டம்பர் 3ஆம் தேதி நம் விமானி டிரெவர் கீலர் நேட்டில் போய் பாகிஸ்தானின் சேபர் ஜெட் ஒன்றை வீழ்த்தினார். 1971 நவம்பர் 22இல் வங்க எல்லையில் உள்ள போய்ராவில் நான்கு நேட்கள் சேர்ந்து இரண்டு சேபரைக் கீழே இறக்கின. அங்கே பிடிபட்ட பாகிஸ்தான் விமானி ஒருவர் பிற்பாடு அந்நாட்டு விமானப்படைக்கே தளபதியானார். ஸ்ரீநகரில் நிர்மல் ஜித் சிங் செகோன் பறந்ததும் நேட். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது.

எள்ளுருண்டையை அவ்வளவு லேசாகச் சொல்லாதே தம்பி.

பழைய ஃபிட்டர் | 28 செப்டம்பர், காலை 6.20

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். எல்லாம் அமெரிக்க டாலர்.

பிலிப்பைன்ஸ் 2014இல் 12 எஃப்ஏ-50 வாங்கியது. ஏறக்குறைய 42 கோடி, ஒன்றுக்கு மூன்றரைக் கோடி. அதே நாடு இந்த ஜூனில் இன்னொரு 12க்குக் கையெழுத்துப் போட்டது, 70 கோடி. ஒன்றுக்கு ஆறு கோடியை நெருங்குகிறது. மலேசியா 2023இல் 18 விமானம், 92 கோடி. போலந்து 48 விமானம், சுமார் 300 கோடி. பல்கேரியா 2019இல் புது எஃப்-16 எட்டே எட்டு வாங்கியது, 125 கோடிக்கு மேல். ஒன்றுக்குப் பதினைந்து கோடி தாண்டுகிறது.

இதை விமானத்தின் விலை என்று படிக்கக் கூடாது. கல்யாணச் செலவு மாதிரி. தாலி, மண்டபம், பந்தி, வீடியோக்காரர் எல்லாம் ஒரே தொகையில் இருக்கும். உதிரி பாகம், பயிற்சி, ஆயுதம் என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேறு வேறு சாமான் அடக்கம். அதனால் ஒன்றுக்கொன்று நேராக ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். தோராயமாக, புது எஃப்-16 ஒன்றின் காசுக்கு இரண்டிலிருந்து மூன்று குட்டி ஜெட் வரும்.

பழைய பெரிய விமானத்தையே வாங்கினால்? அர்ஜென்டினா 2024இல் டென்மார்க் ஓட்டிக் கழித்த 24 எஃப்-16களை வாங்கியது, விமானத்துக்கு மட்டும் சுமார் 30 கோடி. கேட்கச் சுகமாக இருக்கிறது. பழைய பஸ்ஸை மலிவாக வாங்கி ரூட்டில் விட்டவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

பழைய ஃபிட்டர் | 30 செப்டம்பர், மதியம்

கீலர் விஷயத்தில் ஒருவர் தனிச்செய்தியில் பிடித்துவிட்டார். அவர் சொல்வது சரி. நம் தரப்பில் அதை முதல் வெற்றி என்று கொண்டாடினோம். பாகிஸ்தான் தரப்போ அந்த சேபர் அடிபட்டாலும் தளத்துக்குத் திரும்பிவிட்டது என்கிறது. அதே நாளில் இன்னொரு நேட் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிப் பிடிபட்டது. இன்றைக்கும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும். பெருமையாக எழுதும்போது பாதிதான் கைக்கு வருகிறது.

இன்னொன்றையும் ஒளித்துவிட்டேன். நேட்டில் பீரங்கி சிக்கிக்கொள்ளும். போய்ராவிலேயே ஒருவருக்குச் சிக்கியது. ஹைட்ராலிக்கும் வால் பக்கக் கட்டுப்பாடும் அந்தக் காலத்து விமானிகளுக்குத் தலைவலி. அதையெல்லாம் சரி செய்யத்தானே அஜீத் வந்தது. அஜீத்தில் எரிபொருளை இறக்கைக்குள்ளேயே வைத்தார்கள், அதனால் இறக்கைக்குக் கீழே ஆயுதம் தொங்கவிட இடம் கிடைத்தது.

சின்ன விமானம் ஃபிட்டருக்குச் சுகம் என்று எழுதினேன் அல்லவா, அதுவும் பாதி உண்மை. உள்ளே இடமே இருக்காது. ஒரு பைப்பைக் கழற்ற மூன்று பைப்பைக் கழற்றணும். நட்டு தளராமல் லாக் வயர் முறுக்குவோம், மெல்லிய கம்பி. கை நுழையாத சந்தில் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே முறுக்கணும். ஒரு தடவை அவசரத்தில் வெட்டிய கம்பி நுனியை மடக்காமல் விட்டு, நானே அதில் கையை விட்டேன். வலது கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

பழைய ஃபிட்டர் | 4 அக்டோபர், இரவு 9.05

கெடிலக்கரை கேட்டதில் பாதிக்குத்தான் பதில் சொன்னேன். எதிரியே வராவிட்டால் எதற்கு?

2014 பிப்ரவரியில் எத்தியோப்பிய பயணிகள் விமானம் ஒன்றை அதன் துணை விமானியே கடத்திக்கொண்டு ஜெனீவாவுக்குப் போனார். இத்தாலியும் பிரான்சும் ஜெட் அனுப்பிக் கூடவே வந்தன. சுவிட்சர்லாந்து அனுப்பவில்லை. அவர்களிடம் எஃப்-18 இருந்தது, எஃப்-5 இருந்தது, காசுக்கும் பஞ்சமில்லை. ஆனால் கடத்தல் விமானம் வந்தது விடியற்காலை, சுவிஸ் விமானப்படைக்கு டூட்டி காலை எட்டு மணிக்கு மேல்தான். பேங்க் கவுண்டர் மாதிரி, மதியச் சாப்பாட்டுக்குக்கூட இடைவேளை உண்டாம். சிரித்து முடித்தபின் அவர்கள் அதை 24 மணி நேரமாக மாற்றிக்கொண்டார்கள்.

வானத்தில் அடையாளம் சொல்லாமல் ஏதோ வருகிறது, ரேடியோவில் கூப்பிட்டால் பதில் இல்லை. யாராவது பக்கத்தில் போய்க் கண்ணால் பார்க்கணும். ஏவுகணையால் பார்க்க முடியாது, சுடத்தான் முடியும். பயணிகள் விமானமாக இருந்தால்? சின்ன நாட்டுக்கு 365 நாளும் இருக்கிற வேலை இதுதான். இதற்கு எஃப்-35 தேவையில்லை. மேகத்துக்கு மேலே ஏறத் தெரிந்த, ரேடார் உள்ள, ஒலியைத் தாண்டி ஓடக்கூடிய ஏதாவது ஒன்று, எந்த நேரமும் நான்கு தயாராக இருந்தால் போதும்.

தேவனாம்பட்டினத்தில் பார். ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகு வேறு, விடியற்காலையில் ஃபைபர் படகில் போய்விட்டு எட்டு மணிக்குக் கரைக்கு வருகிறவன் வேறு. ஃபைபர்காரனைப் பார்த்து உன்னால் சூரை மீன் பிடிக்க முடியுமா என்று கேட்டால் கோபம்தான் வரும். சில நாள் அவனும் பிடிப்பான், அது வேறு கதை.

பிலிப்பைன்ஸ் 2005இல் கடைசி எஃப்-5களை நிறுத்தியது. எஃப்ஏ-50 வந்தது 2015 கடைசியில். நடுவில் பத்து வருஷம் சண்டை ஜெட்டே கிடையாது. அவர்கள் உரிமை கொண்டாடும் ஸ்கார்பரோ திட்டில் சீனக் கப்பல்கள் வந்து உட்கார்ந்தது 2012இல். ஜெட் இருந்திருந்தால் வராமல் இருந்திருப்பார்களா என்று சண்டைக்கு வராதீர்கள், நான் அதைச் சொல்லவில்லை. நான் நினைப்பது அங்கே இருந்த ஃபிட்டர்களை. பத்து வருஷத்தில் அந்தத் தலைமுறையே ஓய்வு பெற்றிருக்கும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்கிற ஆளைக் கடையில் வாங்க முடியாது. நியூசிலாந்து 2001இல் ஜெட் பிரிவையே கலைத்தது. அவர்களுக்குச் சுற்றிலும் கடல், பக்கத்தில் ஆஸ்திரேலியா, நடக்கிறது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பழைய ஃபிட்டர் | 7 அக்டோபர்

லாஸ்பேட்டையில் இருக்கும் மச்சான் இழையைப் படித்துவிட்டு போன் செய்தார். 1783இல் இதே கடலூர்க் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன் 15 கப்பலை வைத்துக்கொண்டு 18 கப்பல் இருந்த ஆங்கிலேயனைத் துரத்தினானே, சின்னது பெரியதை ஜெயித்ததே, அதை ஏன் எழுதவில்லை என்கிறார். புதுச்சேரியில் சஃப்ரன் வீதியில் நடந்து நடந்து இவருக்கு அவன் சொந்தக்காரன் ஆகிவிட்டான்.

மச்சான், அவனிடம் கப்பல் எண்ணிக்கைதான் குறைவு, கப்பல் ஒன்றும் சின்னது இல்லை. பீரங்கிக்கு ஆள் போதாமல் கரையிலிருந்த படையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு வாங்கி ஏற்றிக்கொண்டான். அதுதான் நான் சொல்ல வருவது. கப்பல் இருந்தது, ஆள் பற்றவில்லை.

பழைய ஃபிட்டர் | 18 அக்டோபர், இரவு 11.30

நேற்று நாசிக்கில் தேஜஸ் மார்க் 1ஏ பறந்தது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு நல்ல சேதி. பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பழைய வியாதி, இன்ஜின் யாருடையது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தேஜஸில் இருப்பது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-404. எஃப்ஏ-50இல் இருப்பதும் எஃப்-404. பழைய கிரிப்பனில் ஸ்வீடன்காரர்கள் ஆர்எம்-12 என்று பேர் வைத்திருப்பதும் அதே எஃப்-404இன் வகைதான். உலகத்தில் லேசான ஜெட் என்று கடை விரித்திருப்பதில் பாதிக்கு இதயம் ஒரே வீட்டில் செய்தது. பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்யும் ஜேஎஃப்-17க்கு மட்டும் ரஷ்ய இன்ஜின். நாம் 2021இல் 99 இன்ஜின் கேட்டோம், முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில். அதுவரை உடம்பு தயாராகி இதயத்துக்குக் காத்திருந்தது. நம் அளவு நாட்டுக்கே இந்தக் கதி என்றால், 12 விமானம் வைத்திருப்பவர் வரிசையில் எங்கே நிற்பார்?

இன்னொரு கூத்து. அர்ஜென்டினாவுக்கு எஃப்ஏ-50 வேண்டும், கொரியாவுக்கும் விற்க ஆசை. ஆனால் உள்ளே பிரிட்டன் பாகங்கள் இருக்கின்றன. 1982 ஃபாக்லாந்து சண்டையை பிரிட்டன் மறக்கவில்லை. 2020இல் கொரியா கையை விரித்தது. தேஜஸிலும் பிரிட்டன் பாகங்கள் உண்டு, விமானியின் இருக்கையே அங்கிருந்துதான் வருகிறது. விற்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன், நடுவில் மூன்றாவது ஆள் கேட்டைப் பூட்டிவிட்டுப் போகிறான்.

இதே எஃப்-404ஐ வைத்து நார்த்ராப் கம்பெனி 1982இல் எஃப்-20 டைகர்ஷார்க் என்று ஒன்றைப் பறக்கவிட்டது. கூட்டாளி நாடுகளுக்கு மலிவு விலையில் கொடுப்பதற்காகவே செய்தது. நூறு கோடி டாலருக்கு மேல் கம்பெனியின் கைக்காசு. செய்த மூன்றில் இரண்டு விழுந்தன. கடைசியில் ஒன்றுகூட விற்கவில்லை, 1986இல் கடையைச் சாத்தினார்கள். விமானம் மட்டம் என்பதால் அல்ல. அமெரிக்க விமானப்படையே ஓட்டாத விமானம் எங்களுக்கு எதற்கு, எஃப்-16தான் கிடைக்கிறதே என்று எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சின்ன நாட்டுக்காரனுக்கும் கௌரவம் இருக்கிறது. உனக்கு இது போதும் என்று சொல்லி விற்றால் வாங்க மாட்டான்.

எஃப்-20க்கு அண்ணன் எஃப்-5. அது ஈரானில் 1979க்கு அப்புறமும் இன்றுவரை பறக்கிறது. உதிரி பாகம் விற்க மாட்டேன் என்று அமெரிக்கா நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லியும் பறக்கிறது. அதன் ஜே-85 இன்ஜினின் படத்தைப் பார்த்தாலே எனக்குப் புரியும். நம்மூர் லேத்துப் பட்டறையில் பாதியைச் செய்துவிடலாம் என்று தோன்றும்.

(லேத்துப் பட்டறை என்று எழுதியதை இப்போதே திருத்துகிறேன். டர்பைன் பிளேடை எந்த லேத்திலும் கடைய முடியாது. காவேரி இன்ஜினை நாம் இத்தனை வருஷம் செய்தும் தேஜஸில் ஏற்ற முடியாமல் போனது அந்த மாதிரி இடத்தில்தான். தூக்கக் கலக்கம்.)

பழைய ஃபிட்டர் | 20 அக்டோபர்

இம்பெல்லர் வரவில்லை. தீபாவளி, பார்சல் எல்லாம் தாமதமாம். மாமாவிடம் சொல்லிவிடு.

பழைய ஃபிட்டர் | 5 நவம்பர், மாலை

மழை. மீட்டர் பெட்டியில் பொறி வந்து கரண்ட் போய் இப்போதுதான் வந்தது.

புதுச்சேரியில் மச்சான் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், மாதம் பிறந்தால் யூரோவில் பென்ஷன். ஞாயிறு அன்று போயிருந்தபோது இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "பூவாக்கே தெரியுமா உனக்கு?"

தெரியாது. ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஐவரி கோஸ்ட், 2004 நவம்பர் 6. அரசாங்கத்தின் இரண்டு சுகோய்-25 விமானங்கள் பூவாக்கே ஊரில் இருந்த பிரெஞ்சு முகாமின் மேல் குண்டு போட்டன. ஒன்பது பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள். ஓட்டியவர்களில் பெலாரஸ் நாட்டுக் கூலி விமானிகளும் இருந்தார்கள். அன்று மாலைக்குள் பிரெஞ்சுக்காரர்கள் யாமுசுக்ரோ விமான நிலையத்தில் நின்றிருந்த அந்த சுகோய்களையும் ஹெலிகாப்டர்களையும் தரையிலேயே அழித்தார்கள். ஒரு நாட்டின் விமானப்படை, ஒரே நாள்.

கெடிலக்கரையின் அரை நாள் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோளாறு விமானத்தின் அளவில் இல்லையே. எல்லாவற்றையும் வெளியே வரிசையாக நிறுத்தி வைத்திருந்தால் எஃப்-35ஆக இருந்தாலும் எரியும். இலங்கையின் கட்டுநாயகா விமானத் தளத்தில் 2001 ஜூலையில் நடந்ததும் அதுதான். புலிகள் உள்ளே புகுந்து தரையில் நின்றவற்றை எரித்தார்கள். விமானம் வாங்குகிற காசில் ஒரு பங்கை கான்கிரீட் கூடாரத்துக்கு எடுத்து வைக்கணும். அதைப் பேரணியில் ஓட்டிக் காட்ட முடியாது, அதனால் எந்த மந்திரியும் வாங்க மாட்டார்.

பழைய ஃபிட்டர் | 9 நவம்பர், இரவு 12.15

கட்டுநாயகாவை எழுதியபின் மனசு சரியில்லை. எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

ஆறு வாரமாக சின்ன நாட்டின் வானம், காவல், கேட் என்று பேசிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து சின்ன நாடு இஸ்ரேலிடம் கஃபீர் வாங்கியது 1996இல், மிக்-27 வாங்கியது 2000இல். எந்த அந்நிய விமானத்தைத் துரத்த? குண்டு விழுந்தது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும். அங்கிருந்து வந்த ஒரு குடும்பம் நம் ஊர்ப்பக்க முகாமில் இருந்தது. வானத்தில் சத்தம் கேட்டால் அந்த அம்மா முதலில் பிள்ளைகளின் தலையை எண்ணுவார். கோயில் திருவிழா வாணவேடிக்கைக்கும் எண்ணுவார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று என்னைக் கேட்டார். இன்ஜின் மெக்கானிக் என்று மட்டும் சொன்னேன்.

மியான்மரில் பயிற்சிக்கென்று வாங்கிய யாக்-130கள் சொந்தக் கிராமங்களைக் குண்டு வீசிக்கொண்டிருக்கின்றன. பிலிப்பைன்ஸ் எஃப்ஏ-50 முதலில் போன சண்டைகள் தென் சீனக் கடலில் இல்லை, சொந்த மண்ணில். அதில் ஒன்று மராவி நகரம். 2017 ஜூலையில் ஒரு குண்டு குறி தவறி அவர்களுடைய வீரர்கள் இரண்டு பேரே செத்தார்கள். மலிவான ஜெட் மலிவாக இருப்பதாலேயே எளிதில் கிளப்பப்படுகிறது. ஒரு எஃப்-16 காசுக்கு இரண்டு மூன்று வரும் என்று நான் போட்ட கணக்குக்கு இப்படி ஒரு முகமும் உண்டு.

அந்தப் பக்கத்தையும் பார்க்கணும். 2007 மார்ச்சில் புலிகள் செக் நாட்டு ஸ்லின்-143 என்ற புரொப்பெல்லர் விமானத்தில் வந்து அதே கட்டுநாயகாவில் குண்டு போட்டார்கள். ஃபிளையிங் கிளப் விமானம் மாதிரி, நான்கு பேர் உட்காரும் அளவு. ஜெட் வைத்திருந்த விமானப்படையால் ராத்திரியில் அதைப் பிடிக்க முடியவில்லை. இன்று உக்ரைனில் தலைகீழ்: ஒடேசா பக்கம் யாக்-52 என்ற பழைய புரொப்பெல்லர் பயிற்சி விமானத்தில் பின் இருக்கையில் ஒருவர் துப்பாக்கியோடு உட்கார்ந்து டிரோனைச் சுட்டார். பல லட்சம் டாலர் ஏவுகணையால் மலிவு டிரோனை அடித்தால் கட்டுப்படியாகாது என்பதால்.

டிரோன் வந்தால் ஜெட் தேவையில்லை என்று கேட்டாயே தம்பி. டிரோன் வந்ததால்தான் மெதுவாகப் போகிற, மலிவான, ஆள் உட்கார்ந்த விமானத்துக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது. அது ஜெட்டாக இருக்கணுமா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம்.

பழைய ஃபிட்டர் | 22 நவம்பர், காலை

நேற்று துபாய் கண்காட்சியில் தேஜஸ் விழுந்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் போய்விட்டார்.

அந்த வீடியோவை இங்கே போடாதீர்கள். ஏற்றுமதி போச்சு என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்த விமானத்தைக் காலையில் தயார் செய்து கையெழுத்துப் போட்ட ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். ஃபார்ம் 700 என்ற பராமரிப்புப் பதிவேட்டில் தன் கையெழுத்தைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். விசாரணை முடியட்டும்.

பழைய ஃபிட்டர் | 1 டிசம்பர், இரவு 8.50

டித்வா புயல் கரையோரமாகவே போகிறது. தேவனாம்பட்டினத்தில் படகையெல்லாம் மேட்டில் ஏற்றிவிட்டோம். உன் மாமா படகும் பத்திரம், மோட்டார் என் கடையில் இருப்பதால் தூக்கச் சுலபமாக இருந்தது என்று கிண்டல் செய்தார்.

இலங்கையில் நூற்றுக்கணக்கில் சாவு. மலைச்சரிவு, வெள்ளம். நம் விமானப்படை போக்குவரத்து விமானத்தில் சாமான் இறக்குகிறது, எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஆட்களைத் தூக்குகிறது. அவர்களுடைய மீட்பு ஹெலிகாப்டர் ஒன்று நேற்று விழுந்து விமானி இறந்தார். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டே எனக்கு 2021 ஞாபகம். அந்த வருஷம் அதே நாடு ஐந்து பழைய கஃபீர்களைப் புதுப்பிக்க ஏறக்குறைய ஐந்து கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டது. அடுத்த வருஷமே பெட்ரோல் வாங்கக் காசில்லாமல் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

செப்டம்பரில் எழுதியதை இன்று எழுதினால் வரிசையை மாற்றுவேன். முதலில் ஹெலிகாப்டர். அப்புறம் ரேடார், ஏனென்றால் ரேடார் இல்லாமல் ஜெட் கண் தெரியாத வாட்ச்மேன். தாய்லாந்து கிரிப்பன் வாங்கியபோது கூடவே எரிஐ என்ற கண்காணிப்பு ரேடார் பொருத்திய விமானத்தையும் வாங்கியது, புத்திசாலித்தனம். மூன்றாவதாகத்தான் ஜெட். மூன்றாவது என்றாலும் வேண்டும், அதில் மாற்றமில்லை.

பழைய ஃபிட்டர் | 13 டிசம்பர், இரவு 10.15

கெடிலக்கரை, சுற்றி வளைக்காமல் ஒரு எண் சொல் என்கிறாய். உன்னிடம் 70 கோடி டாலர் கொடுத்தால் எத்தனை குட்டி ஜெட் வாங்குவாய் என்று கேட்கிறாய்.

பன்னிரண்டு வருகிற இடத்தில் எட்டு வாங்குவேன். மீதிக் காசில் மூன்று இன்ஜின் கூடுதலாகப் பெட்டியோடு வாங்கி வைப்பேன். ஒரு சிமுலேட்டர். இரண்டு வருஷ உதிரி பாகம் முன்கூட்டியே. எட்டுக்கும் தனித்தனிக் கான்கிரீட் கூடாரம், ஒன்றுக்கொன்று தள்ளி. நாற்பது பையன்களை விமானம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே அந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பி, விமானத்தோடு திரும்பி வரச் சொல்வேன். காலையில் அவர்கள் வரிசையாக நின்று ரன்வேயில் கல் பொறுக்கணும். நாங்கள் பொறுக்கினோம். சுண்டுவிரல் நகம் அளவு கல் போதும், இன்ஜினுக்குள் போனால் பிளேடு போச்சு.

எட்டில் இரண்டு எப்போதும் பிரித்துப் போட்டிருக்கும், ஒன்றுக்கு ஏதாவது வரணும் என்று காத்திருக்கும், ஒன்று பயிற்சிக்குப் போயிருக்கும். விடியற்காலை மணி அடித்தால் நான்கு கிளம்பும். உதிரி இல்லாமல் பன்னிரண்டு வாங்கியவரிடமும் நான்குதான் கிளம்பும், சில சமயம் மூன்று. இது என் வாய்க் கணக்கு, எங்கேயும் அச்சடித்தது இல்லை. விமானிகள் யாராவது படித்தால் திட்டட்டும்.

அப்புறம், இம்பெல்லர் இன்று மதியம் வந்துவிட்டது. பதினோரு வாரம். பார்சலைப் பிரித்துப் பார்த்தேன், வேறு மாடலுக்கானது. திங்கட்கிழமை திருப்பி அனுப்புகிறேன். மாமாவிடம் நீயே சொல்.

கெடிலக்கரை | 13 டிசம்பர், இரவு 10.31

நான் சொல்ல மாட்டேன் அண்ணே.